பைக்கில் ஷூ உரசிய தடம்: ஸ்டிக்கர் ஒட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

பழைய பைக்கை வாங்க வருபவர் விவரமானவராக இருந்தால் முதலில் டேங்க்கைப் பார்க்க மாட்டார். குனிந்து ஃபுட்ரெஸ்ட் பக்கம்தான் பார்ப்பார். மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டலாம். ஆனால் கியர் லீவர் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்து, குதிகால் படும் இடத்தில் பெயின்ட் போய் உலோகம் பல்லைக் காட்டினால், "மீட்டரைச் சுத்தி விட்டுருக்காங்களோ?" என்ற சந்தேகம் வந்துவிடும். பேரம் அங்கேயே இறங்க ஆரம்பிக்கும்.

கிண்டியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் பைக்கில் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சிக்னலுக்குச் சிக்னல் கியர் மாற்றம், காலை ஊன்றுதல், மறுபடி தூக்கி வைத்தல். ஒரே வருஷத்தில் ஃபிரேம், ஸ்விங்ஆர்ம், இன்ஜின் கவர் மூன்றிலும் வெள்ளைத் தடம் விழுந்துவிடும். உடனே ஆன்லைனில் ஒரு கார்பன் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி மறைத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்க. அந்தத் தடம் உங்களிடம் ஏதோ சொல்கிறது.

தேய்ப்பது ஷூ இல்லை, மண்

ஷூவின் ரப்பர் சோல் பெயின்ட்டைவிட மென்மையானது. சுத்தமான சோல் உரசினால் கறுப்புக் கறை ஒட்டும், அவ்வளவுதான். ஈரத்துணியில் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நிஜமான வில்லன், சோலுக்கும் பைக்குக்கும் நடுவில் மாட்டும் மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவுகோலில் 7. அலுமினியம் 3-ஐக்கூடத் தொடாது. பெயின்ட்டுக்கு மேலே இருக்கும் க்ளியர் கோட் அதைவிடப் பாவம். அதாவது, தினமும் காலையும் மாலையும் நாமே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். மழைக்காலத்தில் சேறு சேர்ந்தால் வேகம் இன்னும் கூடும்.

இதனால்தான் காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் காய்ந்த துணியால் தூசியைத் தட்டித் துடைப்பதும் தப்பு. அதே மணலை அதே பெயின்ட்டில் இழுக்கிறீர்கள். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகு துணி.

குதிகால் ஏன் உள்ளே போகிறது?

உரசல் ஃபிரேமில், ஃபுட்ரெஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் குதிகால் உள்பக்கம் திரும்பியிருக்கிறது. குதிகால் உள்ளே திரும்பினால் விரல்கள் எங்கே இருக்கும்? வெளியே. ஓட்டும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. பைக்கைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, வழக்கம்போல உட்கார்ந்து கீழே பாருங்கள். ஷூ முனை வாத்து மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பெயின்ட் போனது உங்களுக்குச் சின்னப் பிரச்சினை. ஷேர் ஆட்டோவுக்கும் மீடியனுக்கும் நடுவில் நுழையும்போது முதலில் இடிபடப் போவது அந்தக் கால்தான்.

பழக்கம் ஒரு காரணம். இன்னொன்று, நிறைய பேர் சந்தேகப்படாதது: கியர் லீவரின் உயரம். ஷூ தடிமனாக இருந்து லீவர் தாழ்வாக இருந்தால், அதற்கு அடியில் விரலை நுழைக்க முடியாமல் பாதத்தை வெளியே திருப்பித்தான் கியரைத் தூக்குவோம். பெரும்பாலான கம்யூட்டர் பைக்குகளில் லீவர் பல் வெட்டிய ஒரு தண்டில் மாட்டியிருக்கும். போல்ட்டை முழுசாகக் கழற்றி, லீவரை உருவி, ஒரு பல் மேலே மாற்றிப் போட்டால் போதும். மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை. ஹீல்-டோ லீவர் இருந்தால் முன்பக்கம் ஏறும்போது பின்பக்கம் இறங்கும், அதையும் மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி உரசல் நின்றுவிடலாம்.

பிரேக் பெடலுக்கும் உயரம் மாற்ற வழி உண்டு. ஆனால் பின் பிரேக்கின் ஃப்ரீ பிளேயும் பிரேக் லைட் ஸ்விட்ச்சும் அதோடு சேர்ந்தே மாறும் என்பதால், அதை வீட்டில் நோண்ட வேண்டாம்.

இப்போது ஃபிலிம் ஒட்டலாம்

கடையில் 'பிபிஎஃப்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் டிபியு எனப்படும் பாலியூரித்தேன் ஃபிலிம். தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். ரப்பர் மாதிரி இழுபடும் என்பதால் மணல் பட்டால் அடியை அது வாங்கிக்கொள்ளும். கார்பன் டிசைன் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் வினைல். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மெல்லியது. வெயிலில் சில காலம் கிடந்தால் சுருங்கி, ஓரத்தில் பசை கறுப்பாகக் கசிய ஆரம்பிக்கும். என் ஓட்டு டிபியுவுக்குத்தான்.

கை வைக்கும் முன் செய்தித்தாளில் அளவு வெட்டிப் பாருங்கள். மூலைகளை வட்டமாக வெட்டுவது முக்கியம். கூர்மூலையில் ஷூ மாட்டி அங்கிருந்துதான் உரியும். இடத்தைக் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். சில சொட்டு பேபி ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தெளித்து, ஃபிலிமை மிதக்கவிட்டுச் சரியான இடத்துக்கு நகர்த்தி, பழைய ஏடிஎம் கார்டால் தண்ணீரைத் தள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க வண்டியை எடுக்காமல் இருந்தால் நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டினால் வசதி.

ஃபிரேம், ஸ்விங்ஆர்ம், சைடு பேனலுக்கு இது சரி. இன்ஜின் கவர் சூடாகும் இடம் என்பதால் எல்லா ஃபிலிமும் அங்கே நிற்காது. எவ்வளவு வெப்பம் தாங்கும் என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். சைலன்சர் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். மேட் ஃபினிஷ் பைக் என்றால் மேட் ஃபிலிமே கேளுங்கள். மேட் பெயின்ட்டில் விழுந்த கீறலைப் பாலிஷ் போட்டு எடுக்க நினைத்தால், கீறல் போகிறதோ இல்லையோ, அந்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாக நிற்கும்.

லெக் கார்டுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டும் பட்டறைப் பழக்கம் இன்றைக்கும் செல்லுபடியாகும். மழைக்காலத்துக்குப் பிறகு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தங்கினால் துரு நமக்குத் தெரியாமலே பிடிக்கும்.

காலுக்குப் பிடிமானம் தரும் இடத்தில் பளபளப்பு வேண்டாம்

சில வருஷம் முன்பு, வாட்டர் வாஷ் விட்ட பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கறுப்பாக இருந்த எல்லாவற்றுக்கும் கடைப் பையன் பாலிஷ் ஸ்பிரே அடித்திருந்தான். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் அதில் அடக்கம். முதல் சிக்னலிலேயே வலது கால் பெடலிலிருந்து வழுக்கியது. முன் பிரேக் காப்பாற்றியது. அன்றிலிருந்து வண்டியை விடும்போதே "ஃபுட்ரெஸ்ட்ல, பெடல்ல, சீட்ல எதுவும் அடிக்காதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

இந்த ரப்பர்கள் தேய்வதற்கென்றே இருப்பவை. பாதுகாக்க நினைக்காமல் மாற்றிவிட வேண்டும். மேலே இருக்கும் வரிகள் மறைந்துவிட்டால் மழையில் கால் நிற்காது. கியர் லீவர் ரப்பர் ஒரு டீ, வடைக் காசுக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். அதை மாற்றும்போது ஆபீஸ் ஷூவின் முனையில் விழும் கறுப்புக் கோடும் குறையும்.

பின்னால் உட்காருபவரின் ஷூவையும் மறக்க வேண்டாம். காலைத் தூக்கிப் போடும்போது சீட்டுக்குக் கீழே இருக்கும் பேனலில்தான் அடி விழும். ஃபுட்ரெஸ்ட் எட்டாத குழந்தைகள் சைடு பேனலை உதைத்துக்கொண்டே வருவார்கள். பேனலுக்கு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம்தான், ஆனால் கால் எட்டாத குழந்தை அந்த சீட்டில் பிடிமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது என்பதும் அந்தக் கீறலிலேயே தெரிகிறது.

சைலன்சர் பைப்பில் சோல் உருகி ஒட்டிவிட்டால், சூட்டோடு கை வைக்காதீர்கள். முழுசாக ஆறிய பிறகு பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள். பிளேடு, கத்தி வேண்டாம். குரோமில் ஒரு கீறல் விழுந்தால், அடுத்த மழைக்கு அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும்.