வண்டி நிற்கும் நேரத்துக்கான பை

நாமக்கல், சங்ககிரிப் பக்கத்திலிருந்து முதன்முறையாக வடக்கே லோடு ஏற்றிப் போகும் டிரைவருக்கு ஆளுக்கொரு பட்டியல் சொல்வார்கள். பஞ்சரானால் என்ன செய்வது, ராத்திரியில் கண் சொருகினால் என்ன செய்வது, போலீஸ் கை காட்டினால் எதை நீட்டுவது என்று எல்லாமே ஓட்டத்தை மனதில் வைத்துச் சொல்பவை. கணக்குப் போட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து டெல்லி ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் என்று வைத்தால் ஓட்டம் 60 மணி நேரம். 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நெடுந்தூர வழிகளில்கூட நாளொன்றுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. அந்த அளவில் போனால் ஆறு நாள். அதில் 84 மணி நேரம் வண்டி நிற்கிறது. வரம்பைப் பொருட்படுத்தாமல் தினம் 15 மணி நேரம் ஓட்டுகிறவருக்கும் நான்கு நாளில் 36 மணி நேரம் நின்றுதான் கழியும். லோடு ஏற்றவும் இறக்கவும் காத்துக்கிடப்பது இதில் சேரவில்லை. பெருநகரங்களில் பகலில் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி. உள்ளே போனால் குடோனில் இறக்க ஆள் இருக்காது. ஆள் வரும் நாள் விடுமுறையாக இருக்கும். ஆகவே புது டிரைவர் தன் பையை ஓட்டத்துக்காக அல்லாமல், வண்டி நிற்கும் நேரத்துக்காகக் கட்ட வேண்டும் என்பது என் கட்சி.

ஓடும் சாலையில் எல்லாம் கிடைக்கும். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ம் எண் நெடுஞ்சாலையில் பஞ்சர் கடைக்கும் டாபாவுக்கும் பஞ்சமில்லை. அவசரத்துக்கு 1033 என்ற எண் இருக்கிறது. ஊருக்கு வெளியே, ஒரு ஃபேக்டரி கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதுதான் குடிக்கத் தண்ணீர்கூடத் தேட வேண்டியிருக்கும். அதனால் முதலில் ஏற வேண்டியது 20 லிட்டர் தண்ணீர் கேன். கூடவே ஒரு பக்கெட், ஒரு மக். அடுத்தது ஐந்து கிலோ சிலிண்டரோடு ஒரு சின்ன அடுப்பு, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி. டாபா இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வேளைக்கு டாபா சரி. பத்து நாள் ரொட்டியும் எண்ணெய் மிதக்கும் குழம்புமாகத் தின்றால் வயிறும் கெடும், பேட்டாவும் கரையும். சமைப்பதைக் கீழே இறங்கித் திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். கேபினுக்குள் அடுப்பு மூட்டுவது தற்கொலைக்குச் சமம். கேஸ் டேங்கரும் பெட்ரோல் டேங்கரும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த யோசனையே பொருந்தாது. அந்த வண்டிகளில் தீப்பெட்டி ஏறுவதே குற்றம். நாமக்கல் வட்டாரத்தில் கேஸ் டேங்கர் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு அவல், பொட்டுக்கடலை, பழம், பிளாஸ்க்தான் துணை.

சாப்பாட்டைவிடத் தூக்கம் முக்கியம், ஏனென்றால் நிற்கும்போது தூங்காதவர்தான் ஓடும்போது தூங்குகிறார். விரிப்பு, தலையணை, கொசுவலை மூன்றும் சொந்தமாக இருக்கட்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டதே, இன்னும் கொசுவலையா என்று கேட்கலாம். அந்தத் தேதிக்கு முன் தயாரான லட்சக்கணக்கான வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தவிர, எஞ்சினை அணைத்தால் ஏசியும் அணையும். இரவு முழுவதும் எஞ்சினை ஓடவிட்டால் டீசல் கணக்கு கேட்க முதலாளி இருக்கிறார். ஆக, சின்ன ஃபேன் ஒன்று வேண்டும். வாங்கும்போது கவனம்: பெரிய லாரியின் மின்சாரம் 24 வோல்ட். காருக்கென்று விற்கும் 12 வோல்ட் ஃபேனை மாட்டினால் அன்றே கருகிவிடும். போன் சார்ஜரும் 24 வோல்ட் தாங்குவதா என்று பார்த்து வாங்குங்கள். மே மாதம் நாக்பூரில் 45 டிகிரி கொளுத்தும்; ஜனவரியில் பஞ்சாப் பக்கம் பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியே தெரியாது. கோடையில் கிளம்பினாலும் ஒரு கம்பளி கிடக்கட்டும். லுங்கி, துண்டு யாரும் சொல்லாமலே வந்துவிடும்.

காகிதங்களுக்கு வருவோம். டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ள லைசென்ஸும் ஆர்சியும் சட்டப்படி செல்லும். ஆனாலும் போன் உயிர்விட்டால் அவையும் போச்சு. ஆகவே நகல்களை இரண்டு இடத்தில் வையுங்கள். போக்குவரத்து வண்டிக்கான லைசென்ஸ் ஐந்தாண்டுக்கும், அபாயகரமான சரக்குக்கான அனுமதி மூன்றாண்டுக்கும்தான் செல்லும். தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இவற்றுக்கு நிகராக நான் மதிப்பது ஒரு நோட்டையும் பேனாவையும். கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே விட்ட நேரம், இறக்கி முடித்த நேரம் மூன்றையும் எழுதி, முடிந்தால் அங்கேயே சீல் வாங்கிவிட வேண்டும். ஹால்டிங் பணம் கேட்கும்போது வாய்ப்பேச்சு எடுபடாது. கேட் என்றதும் இன்னொன்று: ஷூவும் ஹெல்மெட்டும் பளிச்சென்ற ஜாக்கெட்டும் இல்லாதவரைப் பல ஆலைகள் உள்ளே விடுவதில்லை. செருப்போடு போய் நின்று ஒரு நாளைத் தொலைப்பதைவிட ஒரு ஜோடி ஷூ மலிவு. சர்க்கரைக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர், போக வேண்டிய நாளைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, டாக்டர் சீட்டோடு எடுத்துக்கொள்ளட்டும். பாட்டில் மட்டும் வேண்டாம். குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. பீகாரில் பாட்டில் சிக்கினால் வண்டியும் சேர்ந்து போகும்.

இவ்வளவையும் கேபினில் எங்கே வைப்பது, எல்லாம் டிரைவர் தலையில்தானா என்ற கேள்வி நியாயமானது. இடம் குறைவுதான். அதனால்தான் எது டிரைவருடையது, எது முதலாளியுடையது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், கட்டை, தார்ப்பாய், கயிறு, எச்சரிக்கை முக்கோணம், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி எல்லாம் வண்டியோடு வர வேண்டியவை. புதிதாகச் சேர்ந்தவர் சங்கடப்பட்டுக்கொண்டு இவற்றைக் கேட்பதில்லை. கிளீனர் இல்லாமல் தனியாக அனுப்பும் காலத்தில் அந்தச் சங்கடம் ஆபத்து. கிளம்பும் முன் முதலாளி எதிரிலேயே டூல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். இல்லாததை வாங்கி வைத்த பிறகு சாவியை வாங்குங்கள்.