கஞ்சிக்கு இங்கிலீஷில் என்ன?

சீனாவின் குவாங்சோ நகரத்தில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்குச் சீக்கிரமே வந்து சேரும் பாடங்களில் ஒன்று, ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவது. மேசை கேட்பது, மெனு பார்ப்பது, பில் வாங்குவது, அப்புறம் சினிமாவுக்குக் கிளம்புவது. இந்தச் சொற்களுக்கு நடுவே அவர்கள் வீட்டுக் காலை ஆகாரத்துக்கும் ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. அரிசியைக் குழையக் குழைய வேகவிட்டு, இஞ்சியை மெலிசாகச் சீவிப் போட்டு, மீனோ கோழியோ சேர்த்துச் சுடச்சுடக் குடிப்பார்கள். அவர்கள் பேச்சில் அது 'ஜூக்'. பெய்ஜிங் பக்கம் 'ஜோவ்'. இங்கிலீஷில் 'காஞ்ஜி'. ஹாங்காங்கின் சாப்பாட்டுக் கடைப் பலகைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

காஞ்ஜி வேறொன்றுமில்லை, நம் கஞ்சிதான்.

இந்தப் பக்கம், வடதமிழகத்தில் கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன்மலைக்கு வாருங்கள். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு என்று மலைமேல் சிதறிக் கிடக்கும் ஊர்களில் சாமையும் கேழ்வரகும் இன்னும் அடுப்பேறுகிற வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளை கஞ்சிக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால், வழக்கமாகக் கிடைக்கிற பதில் 'பாரிட்ஜ்'. குளிர்தேசத்தில் ஓட்ஸைக் காய்ச்சிப் பால் ஊற்றிச் சாப்பிடுவது அது. சீனப் பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் போகிறது, தமிழ்ப் பிள்ளைக்கு ஓட்ஸ் வருகிறது.

கஞ்சியைக் கப்பலேற்றியவர்கள் போர்ச்சுகீசியர்கள். கோவாவில் இருந்த கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் 1563இல் அச்சிட்ட நூலில் 'கான்ஜே' வந்துவிட்டது. காலரா கண்டவர்களுக்கு இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதிய மனிதர் அவர். அந்தச் சொல் 'கான்ஜா' ஆகிக் கடல் கடந்தது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இன்றைக்கும் காய்ச்சலில் படுத்தவருக்கு அரிசி போட்ட கோழி சூப்பைக் கான்ஜா என்றுதான் கொடுக்கிறார்கள். ஆங்கிலேயர்கள் பிறகு வந்து, தங்கள் பங்குக்கு ஒரு உச்சரிப்பில் எடுத்துக்கொண்டார்கள். சீனத் துறைமுகங்களுக்குப் போன அதே வியாபாரிகள் அங்கே ஜூக்கைப் பார்த்ததும், இதுதான் தெரியுமே என்று மதராஸ் கரையில் கற்ற சொல்லையே சொல்லியிருக்க வேண்டும். அகராதிகள் மூலச்சொல் தமிழ் என்கின்றன. மலையாளத்தார் பங்கு கேட்டால் மறுக்க முடியாது, அங்கேயும் கஞ்சி கஞ்சிதான்.

இந்தியாவில் புழங்கிய இங்கிலீஷுக்கென்று 1886இல் வந்த பெரிய அகராதி 'ஹாப்சன்-ஜாப்சன்'. தொகுத்தவர்களில் ஒருவரான பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அந்த அகராதியில் கஞ்சி இருக்கிறது, கறி இருக்கிறது, மிளகுத்தண்ணி இருக்கிறது, சுருட்டும் இருக்கிறது. 'கஞ்சி ஹவுஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. பட்டாளத்துக் கொட்டடிக்கு அப்படிப் பெயர். உள்ளே போட்டால் கஞ்சிதான் சாப்பாடு. பிற்பாடு இங்கிலாந்திலும் சிறைக்குப் போவதைப் பேச்சுவழக்கில் பாரிட்ஜ் என்றார்கள். 1974இல் பிபிசி அதே பெயரில் ஒரு சிறைச்சாலைக் காமெடித் தொடரே எடுத்தது. நம் ஊரில் 'களி திங்கப் போறே' என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். உலகத்து அதிகாரமெல்லாம் கைதிக்கு ஏழை வீட்டுச் சோற்றைத்தான் தண்டனையாகப் போட்டிருக்கிறது. கேழ்வரகுக் களியை நல்ல சாப்பாடாகத் தின்கிற மலைக்காரர் இதைக் கேட்டால் என்ன நினைப்பார்?

எதிர்த்திசையிலும் வண்டி ஓடியிருக்கிறது. டீ என்பது ஃபுஜியான் கரையோரத்துச் சீனர்களின் 'தே'. டச்சுக்காரர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள், இங்கிலீஷ்காரர்கள் டீ என்றார்கள், நாம் தேயிலை, தேநீர் என்று நம் சொத்தாக்கிக்கொண்டோம். கெச்சப்பும் அந்தக் கரையிலிருந்து கிளம்பியதுதான். முதலில் அதில் தக்காளியே கிடையாது, மீனைப் புளிக்கவைத்த சாறு. சீனி இன்னும் வெளிப்படை. தென்மாவட்டத்துக்காரர்கள் சீனி என்பார்கள், கள்ளக்குறிச்சிப் பக்கம் சக்கரைதான். ஆனால் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் கூட்டுறவு ஆலைகளில் மூட்டை மூட்டையாகக் கட்டுவது அந்தச் சீனச் சரக்கின் பெயர்கொண்ட பண்டத்தைத்தான்.

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால், இருட்டுகிற நேரத்தில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருப் பக்கம் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டி முன்னால் போய் நில்லுங்கள். 'எக் ரைஸ் ஒண்ணு, கோபி மஞ்சூரியன் ஆஃப், பார்சல்.' ஒரே மூச்சில் வருகிற இந்த இங்கிலீஷை யாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. மஞ்சூரியா சீனாவின் வடகிழக்கு மூலை. அங்கே போய் மஞ்சூரியன் கேட்டால் முழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த சீன வம்சத்துச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் புதிதாக ஏதாவது கேட்டவர்களுக்கு இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றிக் கோழியில் செய்து கொடுத்ததாகச் சொல்வார்கள். அதிலிருந்து கோழி போய் காலிஃப்ளவர் வந்து, தள்ளுவண்டியில் ஏறிவிட்டது. எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறவர்கூட 'ஷெஸ்வான்' என்று பிசகில்லாமல் சொல்கிறார். நாக்கு ருசி கண்டால் உச்சரிப்பு தானாக வந்துவிடுகிறது என்பது என் கட்சி.

பார்சல் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். லண்டனில் 'டேக் அவே', அமெரிக்காவில் 'டு கோ' என்று சீன மாணவர் இரண்டையும் நெட்டுருப் போட வேண்டும். அவருடைய மொழியில் அது 'தாபாவ்', பொட்டலம் கட்டுதல். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'தாப்பாவ்' என்று எல்லா இனத்தவர் வாயிலும் புழங்குகிறது. எடுத்துக்கொண்டு போகிறவனைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். நாமும் சீனரும் கட்டுகிறவன் கையைப் பார்த்திருக்கிறோம்.

இப்படிச் சேர்த்துக்கொண்டே போனால், சாப்பாட்டு விஷயத்தில் நம்மையும் சீனரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிடலாம். பாடப்புத்தகத்து இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் ஒரே இடங்களில்தான் கைவிடுகிறது. 'ஹாட்' என்றால் சூடா காரமா? நமக்கு இரண்டும் வேறு வேறு, சீனருக்கும் வேறு வேறு. மாம்பழம் உடம்புக்குச் சூடு, மோர் குளிர்ச்சி என்று நம் வீட்டில் சொல்வதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், காய்ச்சல் வந்தது மாதிரி கேட்கும். காண்டனீஸ் பேசுகிற அம்மா லிச்சிப் பழத்தைப் பற்றி இதே எச்சரிக்கையைத் தன் பிள்ளைக்குச் செய்கிறாள். சிங்கப்பூரில் இந்த இடைஞ்சலைத் தீர்க்க 'ஹீட்டி' என்றொரு சொல்லையே உண்டாக்கிவிட்டார்கள். டுரியான் ஹீட்டி, பார்லித் தண்ணீர் கூலிங். அங்கே வேலைக்குப் போன நம் ஆட்களுக்கு அதைக் கற்க ஒரு நாள்கூட ஆகாது, அர்த்தம் ஏற்கெனவே வயிற்றில் இருக்கிறது.

துவர்ப்பு இன்னொன்று. கல்வராயன்மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர்களுக்கு அந்த ருசியைப் பற்றிப் பாடம் வேண்டாம். சீனத்தில் அதற்கு 'ஸ' என்று ஒற்றை எழுத்தில் வீட்டுச் சொல் இருக்கிறது. காய்வெட்டான பேரிப்பழம், கடுந்தேநீர் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். இங்கிலீஷில் 'அஸ்ட்ரிஞ்ஜென்ட்' என்று மருந்துக்கடை வாசனை அடிக்கிற ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆறு சுவையில் ஒன்றுக்கு அந்தப் பாஷையில் அடுப்படிச் சொல் கிடையாது.

சீனர்கள், குறிப்பாக வயதானவர்கள், தெருவில் பார்த்தால் 'ச்சி ல மா' என்பார்கள். சாப்பிட்டாச்சா. இங்கிலீஷ் வாத்தியார் அந்த மாணவரிடம் முதலில் சொல்வது, வெள்ளைக்காரரிடம் அப்படிக் கேட்காதே, விருந்துக்குக் கூப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொள்வார் என்பது. நமக்கும் அதே புத்திமதி. பஞ்சம் பார்த்த இரண்டு ஜனங்களின் வணக்கம் அது. அதை விட்டுவிட்டு 'ஹவ் ஆர் யூ' சொல்லப் பழகுகிறோம், இரண்டு பேரும்.

பொழுதுபோக்குப் பாடத்தில் இவ்வளவு இல்லை. இன்டர்வெல் என்ற சொல்லை நாம்தான் சினிமாவில் காப்பாற்றி வைத்திருக்கிறோம், டாக்கீஸையும் அப்படியே. சீனத்துப் பிள்ளைக்குத் தமிழ்ப் படத்தின் நடுவே ஏன் விளக்குப் போடுகிறார்கள் என்பது புரியாது. விஜய் சேதுபதியின் 'மகாராஜா' 2024 நவம்பரில் சீனத் தியேட்டர்களுக்குப் போய் நன்றாக ஓடியது. தமிழ் பேசும் ஜாக்கி சானை நாம் டிவியில் எத்தனை வருஷமாகப் பார்க்கிறோம்! ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். விடிய விடிய முகத்தில் சாயம் பூசி ஆடிப்பாடுகிற சீனர்களின் கலைக்கு இங்கிலீஷில் 'ஆபெரா' என்று மேடை போட்டுவிட்டார்கள். இந்த வடதமிழகத்து ஊர்களில் விடிய விடிய முகத்தில் அரிதாரம் பூசி ஆடிப்பாடுகிற தெருக்கூத்துக்குக் கிடைத்தது 'ஃபோக்'.

திரும்ப மலைக்கே போவோம். கல்வராயன்மலையில் பெரும்பாலும் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்று பெயர், பேசுவது தமிழ். சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களின் பிடியில் 1976 வரை இந்த மலை கிடந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால்நூற்றாண்டு கழிந்த பிறகும்! இங்கே இங்கிலீஷ் புத்தகத்தைத் திறக்கிற பிள்ளைகளில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகத் திறக்கிறவர்கள். அவர்களுக்குப் பீட்ஸாவும் பர்கரும் படம் போட்ட பட்டியலைக் கொடுத்தால், பாஷையும் புதிது, பண்டமும் புதிது என்று இரட்டைப் பாரமாகிறது.

அவர்கள் தட்டிலேயே எவ்வளவு இருக்கிறது! 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் உப்புமா, பொங்கல், கிச்சடி போடுகிறார்கள். கிச்சடி விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் 'கெட்ஜரி' ஆகி, புகைபோட்ட மீனும் அவித்த முட்டையும் சேர்ந்து, துரைமார் வீட்டுக் காலை மேசைக்குப் போனது. மலையில் விளைகிற மரவள்ளி இறங்கிப்போவது சேலம், ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு. தைவானில் பிறந்து உலகமெல்லாம் இளவட்டங்கள் உறிஞ்சுகிற பபிள் டீயின் அடியில் உருளும் கறுப்பு உருண்டைகளும் மரவள்ளி மாவுதான். சீன மாணவரின் பட்டியலில் 'டாப்பியோக்கா' இருக்கிறது. நம் பிள்ளைக்கு அதன் செடியைப் பிடுங்கத் தெரியும்.

அப்பா கையில் இருக்கிற ரெட்மி ஃபோனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் செய்கிற ஷாவ்மி கம்பெனியின் பெயருக்குச் சீனத்தில் தினை என்று பொருள், எழுத்துக்கு எழுத்து பார்த்தால் சின்ன அரிசி. 2010 ஏப்ரலில் லெய் ஜுன்னும் கூட்டாளிகளும் தினைக்கஞ்சி குடித்துவிட்டுத்தான் கம்பெனியைத் தொடங்கினார்களாம். வடசீனாவில் தினை ஆதியிலிருந்தே பயிர். பிரசவித்த பெண்ணுக்கும் நோயாளிக்கும் அங்கே தினைக்கஞ்சிதான். மலையில் ஒரு கிழவி பேரன் வைத்திருக்கும் ஃபோனைத் தினைபோன் என்று கூப்பிட்டால் அது முழுக்கச் சரி.

கரியாலூர்ப் பக்கம் படகு விட வருகிறவர்களும், மேகம் அருவி, பெரியார் அருவி பார்க்க வருகிறவர்களும் கூடக்கூட, மலையில் சாப்பாட்டுக் கடைகளும் கூடும். கோடை விழாவுக்குப் போடுகிற பந்தலில் சிறுதானியப் பண்டங்களுக்குப் பலகை எழுத வேண்டிவரும். அங்கே 'லிட்டில் மில்லட் பாரிட்ஜ்' என்று எழுதிக் கைவலிக்க வேண்டாம், காஞ்ஜி என்று எழுதினால் அகராதியே சாட்சி. சீனர்கள் டிம்சம்மை மொழிபெயர்த்துக்கொண்டு உட்காரவில்லை. வோக், லிச்சி, பாக்சாய் என்று சொன்னபடியே எழுதினார்கள், இங்கிலீஷ் அகராதி பின்னாலேயே வந்து குறித்துக்கொண்டது. களியையும் களி என்றே எழுதலாம். தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு உண்டா என்பதை வருகிறவர் கேட்டுக்கொள்வார்.