சொட்டும் குழாயைச் சீர்செய்வோம்

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டுக் குழாய் நொடிக்கு ஒரு துளி சொட்டினால், ஒரு நாளில் 86,400 துளிகள் வீணாகும். அந்நீர் கீழே வாளியிலோ தகரத்திலோ தேங்கினால், டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கு முட்டையிடும். 7 முதல் 10 நாள்களில் அவை கொசுக்களாகிப் பறக்கும். ஆதலின் இப்பழுதை நாளைக்கு என்று தள்ளிவைத்தல் தகாது.

பல சுற்றுத் திருகித் திறக்கும் குழாய் சொட்டுவதற்கு, உள்ளிருக்கும் இரப்பர் வாஷர் தேய்ந்திருப்பதே பெரும்பாலும் காரணம். முதலில், மீட்டரின் அருகிலுள்ள தலைக்குழாயை மூட வேண்டும். பின்னர்ச் சொட்டும் குழாயைத் திறந்து, எஞ்சிய நீரை வடிய விட வேண்டும். ஸ்பேனரால் அதன் மேற்பகுதியை இடப்புறமாகச் சுழற்றினால் கழன்றுவரும். அதன் அடியிலுள்ள பழைய வாஷரைக் கடைக்குக் கொண்டு சென்று, அதே அளவில் புதியது வாங்குதல் நலம். அதனைப் பொருத்தி, மேற்பகுதியை அளவோடு இறுக்கி, தலைக்குழாயை மெல்லத் திறக்க வேண்டும். பின்னும் சொட்டினால், வாஷர் அமரும் பித்தளை விளிம்பே தேய்ந்திருக்கலாம். அப்பொழுது குழாயையே மாற்றுதல் நன்று.

பெற்றோர் இதனைச் செய்யும்பொழுது, மாணவர்களாகிய நாம் அருகிலிருந்து கருவிகளை எடுத்துக் கொடுப்போம். அடுத்த முறை நாமே செய்வோமாக!