கம்ப்யூட்டர் இல்லாமலே ஃபிரிட்ஜைக் கண்காணிக்கலாம்: எந்த டிஸ்பிளே, எந்த மைக்ரோகண்ட்ரோலர்?

திறக்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் அதனைப் பயன்படுத்தவே கூடாது. ஆனால் பல வீட்டு ஃபிரிட்ஜ்களின் குமிழில் 1, 2, 3 என எண்கள்தான் இருக்கும். உள்ளே எத்தனை டிகிரி என்று அது சொல்லாது. நாம் வெளியே சென்றிருக்கும்போது மின்சாரம் நின்று, மருந்து சூடாகி, மீண்டும் குளிர்ந்திருந்தால் அதுவும் நமக்குத் தெரியாது.

இதற்காகக் கம்ப்யூட்டரை இரவு பகலாக இயக்க வேண்டியதில்லை. ஒரு சென்சார், ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு சிறிய டிஸ்பிளே போதும். புரோகிராமை எழுதி ஏற்ற மட்டும் கம்ப்யூட்டர் தேவை. அதன் பின் யு.எஸ்.பி. கேபிளைக் கழற்றி வேறு மின்சாரம் கொடுத்தால், இந்தச் சாதனம் தனியே இயங்கும். எதை வாங்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஸ்பிளே

கேரக்டர் எல்.சி.டி. எழுத்துகளையும் எண்களையும் காட்டுவதற்கானது. பெரும்பாலானவற்றில் ஹிட்டாச்சியின் எச்.டி.44780 அல்லது அதைப் போலவே இயங்கும் சிப் இருக்கும். 16க்கு 2 என்றால் வரிக்கு 16 எழுத்துகள், 2 வரிகள். முதல் வரியில் இப்போதைய வெப்பநிலை, இரண்டாவது வரியில் குறைந்த அளவும் அதிக அளவும் காட்ட இது போதும். ஃப்ரீசரையும் அறையையும் சேர்த்துக் கண்காணிக்க விரும்பினால் 20க்கு 4 வாங்குங்கள்.

இதில் தமிழ் எழுத்துகள் இல்லை. 5க்கு 8 புள்ளிகள் கொண்ட 8 வடிவங்களை மட்டும் நாமே உருவாக்கிக் கொள்ளலாம்.

வெறும் எல்.சி.டி.யை இணைக்க மைக்ரோகண்ட்ரோலரின் 6 பின்கள் வேண்டும். பின்புறம் ஐ2சி போர்டு பொருத்திய மாடலுக்கு 2 பின்கள் போதும். புதியவர்கள் இதையே வாங்கலாம். மின்சாரம் கொடுத்தும் எழுத்து தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். அந்தப் போர்டில் உள்ள சிறிய திருகை மெதுவாகத் திருப்பினால் கான்ட்ராஸ்ட் சரியாகும்.

ஓஎல்இடி டிஸ்பிளே பளிச்சென்று இருக்கும், படமும் காட்டும். ஆனால் ஒரே எண்ணை மாதக்கணக்கில் காட்டினால் அந்தப் புள்ளிகள் மங்கிவிடும். நமது வேலைக்கு எல்.சி.டி.யே பொருத்தமானது.

மைக்ரோகண்ட்ரோலர்

ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் புரோகிராமுக்கு 32 கேபி, தற்காலிக நினைவகம் 2 கேபி, மின்சாரம் போனாலும் அழியாத இஇபிராம் நினைவகம் 1 கேபி உள்ளன. கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவுதான். ஆனால் 16க்கு 2 எல்.சி.டி.க்கு அனுப்புவது 32 எழுத்துகள் மட்டுமே. இதுவே 128க்கு 64 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடி என்றால், வழக்கமான லைப்ரரிகளில் ஒரு முழுத் திரைக்கே 1 கேபி, அதாவது பாதி நினைவகம் போய்விடும்.

ஈஎஸ்பி32 போர்டில் வைஃபை உண்டு, வேகமும் அதிகம். ஆனால் அது 3.3 வோல்ட்டில் இயங்குவது. பல எல்.சி.டி.கள் 5 வோல்ட் கேட்கும். இரண்டையும் இணைக்க லெவல் கன்வர்ட்டர் தேவைப்படும். மேலும் மின்சாரம் நிற்கும்போது வீட்டு ரவுட்டரும் நின்றுவிடுமே! செல்போனுக்குச் செய்தி வர வேண்டும் என்றால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். மற்றபடி 5 வோல்ட் யூனோ போதும்.

சென்சார்

நீர் புகாத உறையுடன் வரும் டிஎஸ்18பி20 ஏற்றது. ஃபிரிட்ஜின் வெப்பநிலையில் அரை டிகிரிக்குள் துல்லியம் கிடைக்கும். இதன் டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இணைக்க வேண்டும். சென்சாரை ஒரு சிறிய தண்ணீர் பாட்டிலுக்குள் வைத்து, மருந்துக்கு அருகில் வையுங்கள். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பநிலை மாறும். மருந்தின் வெப்பநிலை அவ்வளவு விரைவில் மாறாது. டிஸ்பிளே கதவுக்கு வெளியே இருக்கட்டும்.

கவனிக்க வேண்டிய மூன்று

1. சாதனத்தைப் பேட்டரியிலும் இயங்கும்படி அமைக்க வேண்டும். மின்சாரத்தோடு சேர்ந்து இதுவும் நின்றுவிட்டால், நாம் அறிய விரும்பிய அந்த நேரத்தையே அது பார்த்திருக்காது. சில பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரம் எடுத்தால் தாமாகவே அணைந்துவிடும். முதலில் சோதித்துப் பாருங்கள்.

2. இஇபிராமில் ஓர் இடத்தில் 1,00,000 முறை எழுதலாம் என்பது சிப்பின் கணக்கு. விநாடிக்கு ஒரு முறை எழுதினால் 28 மணி நேரத்துக்குள் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். எனவே புதிய குறைந்த அளவோ அதிக அளவோ வரும்போது மட்டும் எழுதும்படி புரோகிராம் அமையுங்கள்.

3. நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் விட்டுக் கலக்கி, அதில் சென்சாரை வையுங்கள். டிஸ்பிளே 0 டிகிரிக்கு அரை டிகிரிக்குள் காட்ட வேண்டும். இந்தச் சோதனையில் தேறிய பிறகே அதை நம்புங்கள்.

அதிக அளவு 8ஐத் தாண்டியிருந்தாலோ, குறைந்த அளவு 2க்குக் கீழே போயிருந்தாலோ, மருந்தைப் பயன்படுத்தும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். அவர்களிடம் சொல்வதற்கு இப்போது உங்கள் கையில் சரியான எண் இருக்கும்.