வாயு உணரிகளும் அவசரச் சோதனையும்

மின்னேற்றம் கொண்ட துணிக்கையொன்று வாயுவினூடாகப் பாய்கையில் வழியிலுள்ள அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பெயர்த்துச் செல்கின்றது. உயர் மின்னழுத்தத்திலுள்ள மெல்லிய கம்பியை நெருங்கும்போது அவ்விலத்திரன்கள் பல்லாயிரம் மடங்காகப் பெருகி, அளக்கத்தக்க துடிப்பொன்றைத் தருகின்றன. தத்துவம் பழையது. ஆயினும், 1968இல் ஜோர்ஜ் சார்ப்பாக் பல கம்பிகளை ஒரு தளத்தில் நிரைப்படுத்திய பின்னரே துணிக்கைத் தடங்களை இலத்திரனியல் முறையில் விரைந்து பதிவது கைகூடிற்று.

தடமொன்று பதியாதவிடத்து, அங்கு துணிக்கை இல்லையென்று கொள்வதா, உணரி குருடாயிருந்ததென்று கொள்வதா? இவ்வினாவுக்கு விடை காணவே உணரிகளைச் சோதிக்கின்றோம். இரும்பு-55 வெளிவிடும் 5.9 கிலோ இலத்திரன்வோல்ற்று ஊடுகதிர் ஆகன் வாயுவில் இருநூறுக்குச் சற்று மேற்பட்ட இலத்திரன்களை விடுவிக்கும். இத்தொகை தெரிந்ததாகையால், துடிப்பின் பருமனிலிருந்து பெருக்கத்தைக் கணிக்கலாம். உணரியின் மேலும் கீழும் மினுக்க எண்ணிகளை வைத்து, அவையிரண்டும் ஒருங்கே பதிந்த அண்டக்கதிர் மியூவன்களில் எத்தனையை உணரி கண்டதென எண்ணினால் அதன் திறன் தெரியவரும். கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவன் வருகின்றது. இறக்குமதி அனுமதி வேண்டாத கதிர்முதல் இதுவொன்றே.

கடினமான பகுதி மூப்புச் சோதனையாகும். பல்லாண்டுக் கதிர்ப்பைச் சில வாரங்களில் அறிய விரும்பி, செறிந்த கதிரைப் பாய்ச்சுவதே வழக்கம். ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆராய்ச்சி நிறுவனத்தின் எல்.எச்.சி.பி பரிசோதனைக்கென 4.9 மில்லிமீற்றர் விட்டமுடைய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வைக்கோற்குழாய் உணரிகள் அமைக்கப்பட்டன. விருத்திக் காலத்துச் சோதனைகளில் அவை தேறின. ஆனால், கட்டிமுடித்த தொகுதிகளை ஆய்வுகூடத்தில் மிதமான கதிருக்கு உட்படுத்தியபோது பெருக்கம் வீழ்ந்தது! ஒட்டுப்பசையிலிருந்து கசிந்த இருஐசோபுறொப்பைல் நத்தலீன் ஆவி கம்பியில் காபன் படலமாகப் படிந்திருந்தது. கதிர் மிகச் செறிந்த இடத்திலன்றி, செறிவு குறைந்த அயலிலேயே சேதம் மிகுந்திருந்தமை நோக்கற்பாலது. அவசரம் குற்றத்தை மறைத்துவிட்டதென்றே நாம் கருதுகின்றோம்.

நெடுநாள் வாயுவைப் பாய்ச்சியும், தொகுதிகளை இளஞ்சூடாக்கியும், ஆகன்-காபனீரொட்சைட்டுக் கலவையில் சிறிதளவு ஒட்சிசன் சேர்த்தும் பரிகாரம் தேடினர். ஒட்சிசன் இலத்திரன்களைக் கவர்வதால் வழமையாக விலக்கப்படும் வாயு. இங்கு அதுவே துணையாயிற்று. 2010 முதல் 2012 வரையான ஓட்டத்தின்போது, பதிந்த தடங்களைக் கொண்டே உணரிகளை மீண்டும் மீண்டும் சோதித்தனர். குறிப்பிடத்தக்க பெருக்க இழப்பு காணப்படவில்லை.