கட்டாயமும் விருப்பமும்
மின் துவிச்சக்கர வண்டி பற்றிச் சில சிந்தனைகள்

ஒரு நற்பழக்கத்தை மக்களிடையே பரப்ப விரும்புவோர் முதலில் கையில் எடுக்கும் கருவி உபதேசம். அது செலவில்லாதது, சொல்பவருக்குத் திருப்தியும் தருவது. கேட்பவரை அது எவ்வளவு தூரம் அசைக்கும் என்பது வேறு விஷயம். எரிபொருளைச் சிக்கனப்படுத்த வேண்டும், உடலுக்குப் பயிற்சி வேண்டும், காற்று மாசடைதல் ஆகாது என்பவற்றை மோட்டார் சைக்கிளில் செல்பவர் எவரும் மறுப்பதில்லை. ஆயினும் சந்திக் கடையில் பாண் வாங்கவும் அவர் மோட்டார் சைக்கிளிலேயே புறப்படுகிறார்.

பற்றரியின் துணையோடு மிதித்துச் செல்லும் துவிச்சக்கர வண்டி யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மிகவும் ஏற்ற வாகனம் என்று நம்புகிறவன் நான். அதனை மக்கள் விரும்பி ஏற்கச் செய்யும் வழி யாது என்று சிந்திக்கையில், அண்மைக்கால வரலாற்றில் இரண்டு பாடங்கள் தென்படுகின்றன. ஒன்று நம்முடையது, மற்றது பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது.

துவிச்சக்கர வண்டி நமக்குப் புதிதன்று. றலியிலும் ஹம்பரிலும் பாடசாலைக்குச் சென்ற ஆசிரியர்களையும், லுமாலாவில் ரியூசன் வகுப்புக்கு விரையும் மாணவிகளையும் கண்டு பழகியவை நம் வீதிகள். மேடு என்று சொல்லத்தக்க மேடு குடாநாட்டில் இல்லை. இருக்கும் பகை வெயிலும் காற்றுமே. சோளகம் வீசும் மாதங்களில் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வல்லை வெளியைக் கடந்தவர்களுக்கு அக்காற்றின் வலிமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. எவ்வளவு மிதித்தும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது போன்று தோன்றும். மின் வண்டி தன் பயனைக் காட்டும் இடம் இதுதான். காலும் உழைக்கும், மோட்டாரும் தாங்கும். 36 வோல்ற்று, 10 அம்பியர் மணி அளவான பற்றரியை நிரப்ப அரை அலகு மின்சாரமும் வேண்டியதில்லை. ஓட்டுபவரும் சேர்ந்து மிதித்தால், பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏறக்குறைய 33 கிலோமீற்றருக்கு அது போதும்.

இனி முதலாவது பாடத்துக்கு வருவோம். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோலும் பற்றரியும் அருமருந்தாயின. மோட்டார் வாகனங்கள் சில துளி பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. மற்றைய பாரமெல்லாம் துவிச்சக்கர வண்டியின் மேல் ஏறிற்று. விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் அதிலேயே சென்றனர். டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, வாழ்நாள் தேட்டத்தில் கரியரில் ஏறியது மட்டுமே பலருக்கு மிஞ்சியது.

இவ்வளவு பயிற்சி பெற்ற சமூகம் வண்டியைக் கைவிடாது என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. 2002இல் ஏ9 வீதி திறந்து, 2009இல் போர் முடிந்து, தவணைக் கட்டணத்தில் மோட்டார் சைக்கிள் கிடைக்கத் தொடங்கியதும், பழைய வண்டி வீட்டுக் கோடிக்குப் போயிற்று. 2022இல் நாடு முழுவதும் எரிபொருள் அற்றுப்போய், ஜூன் 26ஆம் திகதி ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்கு உயர்ந்து, பின்னர் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, அதே வண்டி தூசி தட்டி எடுக்கப்பட்டது. வரிசைகள் மறைந்ததும் பழைய கதையே திரும்பிற்று. காரணம் வெளிப்படையானது. தடை நமக்கு மிதிக்கும் ஆற்றலைத் தந்தது, விருப்பத்தைத் தரவில்லை. துவிச்சக்கர வண்டி இல்லாமையின் சின்னமாய் மனத்தில் பதிந்துவிட்டது. இல்லாமை நீங்கியதும் அதன் சின்னத்தையும் நீக்கினோம்.

நாம் தடையினால் மிதித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், 1991இல், கடலுக்கு அப்பால் புதுக்கோட்டை மாவட்டத்திலும் மக்கள் துவிச்சக்கர வண்டியில் ஏறினர். அங்கே தடை ஏதுமில்லை. அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தறிவித்தபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு வழி செய்யப்பட்டது. பழகியவள் பழகாதவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். பெண்கள் வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலும் ஏறினர்; முன்பாரில் குழந்தையை இருத்தலாம் என்று அதையே விரும்பியோரும் உளர். ஆடவர் சிலரின் ஏளனத்தைப் பாட்டும் கூட்டமும் மூழ்கடித்தன. 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பொதுவெளியில் வண்டியோட்டிக் காட்டினர் என்று பத்திரிகையாளர் பி. சாயிநாத் பதிவு செய்துள்ளார். அப்பெண்களுக்கு வண்டி விடுதலையின் சின்னமாயிற்று. பொருள் ஒன்றே, அது தாங்கிய கருத்து வேறு.

இவ்வேறுபாட்டை இன்றைய உளவியல் ஒழுங்குபடுத்திக் கூறுகிறது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சூசன் மிச்சி என்பவரும் அவருடைய துணைவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரையில், எந்தச் செயலுக்கும் ஆற்றல், வாய்ப்பு, ஊக்கம் என மூன்றும் வேண்டும் என்றனர். ஒன்று குறைந்தாலும் செயல் நிலைக்காது. கட்டாயத்தால் பயனே இல்லை என்பதும் பொருந்தாது. 2014 பெப்ரவரியில் இலண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது வேறு வழி தேட நேர்ந்தவர்களுள் ஏறக்குறைய 5 விழுக்காட்டினர் வேலைநிறுத்தம் முடிந்தபின்னும் புதிய வழியிலேயே சென்றனர். நெருக்கடி ஒரு கதவைத் திறக்கும். திறந்த கதவால் உட்புக மற்றையோருக்கு வேறு துணை வேண்டும்.

நம் நிலைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். மிதிக்கும் ஆற்றல் நம்மிடம் குறைவின்றி உண்டு. பற்றரியைப் பேணவும் திருத்தவும் அறிந்த கைகள் ஊர்தோறும் வேண்டும். சைக்கிள் கடைக்காரருக்கு அப்பயிற்சியை அளித்தல் கடினமன்று. அடுத்தது வாய்ப்பு. விலை கேட்டுத் திகைப்பவரிடம் வாதிடுவதிலும், வண்டியைச் சில வாரம் இரவலாகக் கொடுப்பது மேல். இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் 80 ஊழியருக்கு ஆறு முதல் எட்டு வாரம் அவ்வாறு கொடுத்தபோது, முக்கால் பங்கினர் வாரத்தில் ஒருமுறையேனும் பயன்படுத்தினர். அவர்கள் கார் ஓட்டிய தூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. காற்றை எதிர்த்து வல்லை வெளியை ஒருமுறை கடந்தவருக்கு அதன் பின் விளம்பரம் எதற்கு?

மூன்றாவதான ஊக்கமே நமக்கு அரிது. சக ஆசிரியர்களிடம் இதுபற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு விடைகளே எனக்குக் கிடைக்கின்றன. வியர்த்து விறுவிறுத்து வகுப்பில் நிற்க முடியாது என்பது ஒன்று. மின் மோட்டார் அதனைப் பெரிதும் தீர்த்துவிடும். "மோட்டார் சைக்கிளுக்கும் வழியில்லையோ என்று ஊர் கேட்கும்" என்பது மற்றது. இதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. மதிப்புடையோர் முதலில் ஏறுவதே மருந்து. அதிபரும் ஆசிரியரும் வைத்தியரும் மின் வண்டியில் வரக் கண்டால், மாணவன் அதனை இல்லாமையோடு சேர்த்து எண்ணான். தனியே தொடங்காது நால்வராய்த் தொடங்குதல் நன்று. 'இனி அடிக்கடி செல்வேன்' என்பதிலும் 'திங்களும் வியாழனும் காலை ஏழு மணிக்கு இந்த வண்டியில் புறப்படுவேன்' என்று குறித்துக்கொள்ளும் உறுதியே நிறைவேறும் என்பது, பீற்றர் கொல்விற்சர் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் நிறுவிய உண்மை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மின்சாரம் என்றவுடன் தூய்மை என்று கொள்ளுதல் தகாது. சுன்னாகத்தில் அனல் மின்நிலையத்தின் எண்ணெய் அயற்கிணறுகளில் கலந்த வழக்கு, 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை சென்றது. ஆறற்ற நம் நிலத்தில் சுண்ணக்கல்லுக்கடியிலுள்ள நீரே குடிநீர். மேலே சிந்தும் எண்ணெயும் எறியும் பற்றரியும் ஒருநாள் அதனைச் சென்றடையும். ஆதலால் பாடசாலைக் கூரையில் சூரிய மின்தகடும், பழைய பற்றரியைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் இம்முயற்சியோடு சேர்ந்தே வருதல் வேண்டும்.

குடாநாட்டில் இதனைத் தொடங்கத் தக்க இடம் பாடசாலையே. ஒரு பாடசாலைக்கு நான்கு மின் வண்டிகள். ஆசிரியருக்குத் தவணைக்கு ஒருவராய் மாறிமாறி இரவல். நிழலில் ஒரு கொட்டகை. பழைய மாணவர் சங்கங்களின் சக்திக்கு இது மேற்பட்டதன்று. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்பதை நாம் அறியோம். அது வந்து நம்மை வண்டியில் ஏற்றுவதற்கு முன், விருப்பத்தோடு நாமே ஏறியிருந்தால், அது போனபின்னும் இறங்க வேண்டிய அவசியம் நேராது.