மூடுபனி பிடிக்கும் கேமரா

கோடைதானே என்று ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு சான் பிரான்சிஸ்கோவின் ஓஷன் பீச்சுக்குப் போகிறவர்கள் நடுங்கிக்கொண்டு திரும்புவார்கள். அந்தப் பருவத்தில் கலிபோர்னியக் கரையோரம் வீசும் வடமேற்குக் காற்று கடலின் மேல்நீரை விலக்கிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. ஈரமான பசிபிக் காற்று அதன்மேல் வரும்போது குளிர்ந்து, நீராவி நுண்துளிகளாகி மூடுபனியாகிறது. இரவில் தரை குளிர்வதால் உண்டாகும் பனி வெயில் ஏறியதும் கலைந்துவிடும். இதுவோ கடலிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் படம்பிடிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

அந்த நேரத்தைத் தூரம் பார்ப்பதில் செலவிட வேண்டும். 400 மீட்டர்வரைதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டரில் நிற்கும் கரிய பாறைக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 200 மீட்டரில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே ஆள் ஒருவர் கொஞ்ச தூரம் தள்ளி நடந்தாலே படம் மாறிவிடும். பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கரையப்போவது ஒன்று என மூன்று பொருள்கள் அமைந்தால் ஆழம் தானே வந்துவிடும். பேக்கர் பீச்சிலிருந்து கோல்டன் கேட் பாலத்தை எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். பனியிலும் கப்பல்களின் கண்ணில் படட்டும் என்பதும் அந்தப் பாலத்துக்கு ஆரஞ்சு நிறம் பூசப்பட்டதற்கு ஒரு காரணம்.

கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே எண்ணும். வெண்பனியையும் அப்படி எண்ணி, படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை கூட்டினால் போதும். தானியங்கி ஃபோகஸ் பிடிப்புக்கு விளிம்பு தேடித் தடுமாறும். பாறையின் ஓரத்தையோ அலையின் நுரையையோ காட்டுங்கள், இல்லையேல் கையால் திருப்புங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அருகிலுள்ள துளிகள் ஒளியைத் திருப்பியடிக்க, வெண்திரைதான் மிஞ்சும்.

பிறகு கணினியில் பனியை நீக்கும் வசதியை முழுதாக இழுத்துவிடுவோர் உண்டு. அவர்கள் வெயில் நாளிலேயே போயிருக்கலாம்.

கடலோரத்தில் லென்ஸில் படிவது வெறும் நீரல்ல. அலைத் தெறிப்பின் உப்பும் சேர்ந்தே படியும். உலர்ந்தபின் துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறக்கூடும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றியெடுத்து, அதன்பிறகே துடைக்க வேண்டும்.